ம் கொட்டாத பெட்டி

சின்னவளுக்கு என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. "டிவி மேல வைக்கிற பெட்டிக்கு மார்க் போடுறா" என்பாள் அக்கா. அதுவும் தப்பில்லை. தூரத்தில் இருக்கிறவர்களோடு முகம் பார்த்துப் பேசுகிற பெட்டி ஒன்றை அவளுடைய கம்பெனி செய்துகொண்டிருந்தது. ஒயர் கிடையாது, வீட்டு வைஃபையில் ஓடும். கம்பெனிக்குள் வைத்துப் பார்த்தால் எந்தப் பெட்டியும் சமர்த்துப் பெட்டிதான். நிஜ வீட்டில், நிஜச் சுவருக்குப் பின்னால், நிஜ மனுஷங்க கையில் அது என்ன பாடு படுகிறது என்று பார்த்துச் சொல்வது சின்னவளின் வேலை.

அந்த வேலை அவளுக்கு வெல்லமாக இனித்தது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து வேடிக்கை பார்க்கச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்? பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். ஃப்ரிட்ஜ் தலையில் ஏற்றுவாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெளியே நின்று "நான் பேசுறது கேக்குதா?" என்று கத்துவாள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் எதிர் முனையில் இருக்கிற ஆளின் மூக்கு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகிறது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். வயர்லெஸ் பிரிவுக்காரர்கள் அவளைக் கண்டாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஆனாலும் அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி பண்ணினார்கள். மூக்கும் வாயும் ஒழுங்காக ஒரே முகத்தில் வந்து சேர்ந்தன.

பாக்கி இருந்தது சத்தம். அதற்கென்று கம்பெனியில் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைச் சத்தக்காரர் என்பார்கள். பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. சத்தத்தை ஒழிப்பதுதான் அவர் தொழில். மின்விசிறி, மோட்டார், தெருவில் போகிற வண்டி என்று ரீங்காரமாக எது வந்தாலும் அடையாளம் கண்டு வெட்டி எறிய அவர் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கம்பெனி அறையில் ஆட்களை உட்காரவைத்து, தாளில் எழுதியதைப் படிக்கச் சொல்லி, பக்கத்து அறையில் கேட்டவர்களிடம் மார்க் வாங்கினாள் சின்னவள். எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு. சத்தக்காரர் ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தார். சின்னவளும் லேசுப்பட்டவளா? அக்காவுக்குப் போன் போட்டு, "என் பெட்டிக்கு முழு மார்க்காக்கும்!" என்று பீத்திக்கொண்டாள்.

அப்புறம் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அங்கேதான் ஆரம்பித்தது கூத்து.

ஒரு மாமியார், பெட்டி மூலமாகத் தன் மருமகளோடு தினமும் பேசுகிறவர், சின்னவளை உட்காரவைத்துச் சொன்னார்: "படத்துக்கு அஞ்சு போட்டுக்கோம்மா. சத்தத்துக்கும் அஞ்சு போட்டுக்கோ. மருமகளுக்கு மார்க் போட இடம் இருக்கா? இருந்தா முட்டை போடு. நான் பாட்டுக்குப் பேசுறேன், அவ மரம் மாதிரி உக்காந்திருக்கா. முன்னாடி போன்ல பேசுறப்ப எவ்வளவு மரியாதையா இருந்தா!" இன்னொரு வீட்டில், பள்ளிக்கூட நாளிலிருந்து பிரியாத இரண்டு சிநேகிதர்கள் பெட்டி வந்த ஒரே வாரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "படம் கண்ணாடி மாதிரி இருக்கு. அவனுக்குத்தான் தலைக்கனம் வந்துருச்சு" என்றார் இவர். அவரைக் கேட்டால் இவருக்குத்தான் தலைக்கனமாம்.

சின்னவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். படம் குறையில்லை, சத்தம் குறையில்லை, மனுஷங்க மட்டும் கெட்டுப்போகிறார்களே! பெட்டி என்ன சூனியம் கீனியம் வைக்கிறதா?

இதில் அவளைப் பதறவைத்த வீடு ஒன்று உண்டு. அவள் அக்கா வீடு. அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பதவி உயர்வு கொடுத்து, ஒரு வருஷத்துக்கு என்று தூரத்து ஊர்க் கிளைக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் வாயைத் திறந்தால் மயக்கத்தில் இருக்கிற நோயாளியும் எழுந்து உட்காருவான். அத்தான் அதற்கு நேர் எதிர். தையல்காரர். ஆஸ்பத்திரி, ஹோட்டல், பள்ளிக்கூடம் என்று சீருடை தைக்கிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை உதட்டில் நாலைந்து குண்டூசியைக் கடித்துக்கொண்டே இருப்பார். வாயைத் திறந்தால் ஊசி விழும், விழுந்தால் குனிந்து பொறுக்க வேண்டும். அதனால் உலகத்தில் எந்தக் கேள்விக்கும் அவரிடம் இரண்டே பதில். ஆமாம் என்றால் "ம்". இல்லை என்றால் "ம்ஹூம்". கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதுகூட "ம்" என்றுதான் சொன்னார், அதிலேயே அக்கா கவிழ்ந்துவிட்டாள் என்று வீட்டில் கேலி பேசுவார்கள்.

அக்கா போனதிலிருந்தே அத்தானுக்குப் போன் பேசக் கை ஒழியவில்லை. அதனால் வீடுகளுக்குப் பெட்டி போனபோது சின்னவளே பாசம் பொங்கி ஒரு பெட்டியையும் அதற்கு ஒரு பெரிய டிவியையும் கொண்டுபோய்த் தையல் கடைச் சுவரில் மாட்டினாள். இன்னொரு பெட்டியை அக்காவுக்கு அனுப்பினாள். நிஜ வீட்டுச் சோதனைக்கு ஆளும் ஆச்சு, அக்கா குடும்பத்துக்கு உபகாரமும் ஆச்சு என்று அவளுக்கு ஒரே பெருமை.

ஒரு வருஷம் முடிகிற நேரம். ஆஸ்பத்திரியில் அக்காவை இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சின்னவள் பெட்டியைப் பார்க்கத் தையல் கடைக்குப் போன நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள். சுவரில் அவள் முகம் ஆளுயரத்துக்கு வந்து நின்றது. அத்தான் ஒரு சட்டைக் காலரை மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். அன்னிக்கே கேட்டேன், நீங்க ஒண்ணும் சொல்லல. நான் இங்கயே இருந்துடட்டுமா?"

"ம்ஹூம்" என்றார் அத்தான், காலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்களத்தான் கேக்குறேன். ரெண்டு வருஷம் இருக்கட்டுமா?"

"ம்ஹூம்." இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாகவே வந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்காவின் முகம் சிவந்தது. அந்தச் சிவப்புக்கூடப் படத்தில் அத்தனை துல்லியம். "இப்படிக் கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தா என்ன அர்த்தம்? இருந்தா இரு, போனாப் போன்னுதானே? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வாயிலேருந்து வந்தா முத்து உதுந்துடுமா?"

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் காதுபடத்தானே இரண்டு தடவை சொன்னார்! ஓடிப்போய்ப் பெட்டி முன்னால் நின்றாள். "அக்கா, அத்தான் ம்ஹூம்னு சொன்னாரு! வேண்டாங்கிறாரு!"

"நீ என்னடி, அவருக்கு டப்பிங் குடுக்கிறியா?"

"இல்லக்கா, பெட்டிதான் முழுங்கிடுச்சு போலருக்கு..."

"பெட்டியா? அஞ்சுக்கு அஞ்சு மார்க்குன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது நீதானே? உன் குரல் கேக்குது, மெஷின் கடகடன்னு ஓடுறதுகூடக் கேக்கல, அவ்வளவு சுத்தமா இருக்கு. அவர் பேசினா மட்டும் கேக்காதோ? புருஷனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டா!" திரை கறுத்துப் போனது.

சின்னவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "அத்தான், ஊசியை எடுத்துட்டு ஒரு போன் பண்ணுங்க. வாயத் திறந்து வேண்டாம்னு சொல்லுங்க."

அத்தான் நிதானமாக ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிப் பஞ்சுத் திண்டில் குத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வருத்தத்தை அவள் பார்த்ததே இல்லை. "நான் சொல்லியாச்சும்மா. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொன்னேன். வேண்டாம் வேண்டாம்னு சொல்றேன், காதுல போட்டுக்காம இருக்கட்டுமா இருக்கட்டுமான்னா, அவளுக்கு இருக்கத்தான் ஆசை. அதுக்கு மேல காலைப் பிடிக்கச் சொல்றியா?" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊசியைக் கடித்துக்கொண்டார்.

போன் போட்டுப் பார்த்தாள் சின்னவள். "அந்த ஆளு கூப்பிடட்டும்" என்றாள் அக்கா. "அவதானே வெட்டிட்டுப் போனா" என்றார் அத்தான். இரண்டும் இரண்டு கழுதைப் பிடிவாதம்! நாம் பெருமையாகக் கொண்டுவந்து மாட்டிய பெட்டியால் அக்கா குடும்பம் இரண்டாகப் போகிறதே என்று நினைத்தபோது சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். இறங்குகிற இடம் வருவதற்குள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

யோசிக்க யோசிக்க விஷயம் வெளிச்சமாகியது. மருமகளுக்கு மாமியாரிடம் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? "ம், ம்" என்பாள். சிநேகிதன் கதை சொன்னால் இன்னொரு சிநேகிதன் "ம், ம்" என்று கொட்டுவான். வாயை மூடிக்கொண்டு இழுக்கிற அந்த "ம்" பெட்டியின் காதுக்கு மோட்டார் சத்தம்! கர்மசிரத்தையாக வெட்டி எறிந்திருக்கிறது. படத்திலும் உதடு அசையாது. கம்பெனி அறையில் தாளைப் பார்த்துப் படித்த ஒருத்தராவது ம் கொட்டினார்களா? தாளைப் பார்த்து எவன் ம் கொட்டுவான்?

மறுநாள் சத்தக்காரரிடம் போனாள். அவர் காதிலிருந்து ஹெட்போனைக்கூட முழுசாக எடுக்கவில்லை.

"'ம்'மா? அது ஒரு வார்த்தையா?"

"உங்க வீட்ல நீங்க பேசுறதே அது ஒண்ணுதானே சார்?"

"வீட்டை விடு. ஒரு தகவலும் இல்லாத சத்தம் அது. ஒருத்தன் பேசுறப்ப இன்னொருத்தன் முனகுறது. அதை எடுத்துட்டா பேச்சு இன்னும் தெளிவா இருக்கும். அதான் அஞ்சுக்கு அஞ்சு."

பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அவளுக்குள் இருந்த குறும்புப் பிசாசு அப்போதுதான் எழுந்து சோம்பல் முறித்தது. நேரே மேலாளர் அம்மாவிடம் போனாள். அந்த அம்மா பேச ஆரம்பித்தால் காற்புள்ளிகூட வைக்க மாட்டார். "மேடம், இந்த வருஷம் என் வேலை எப்படின்னு நீங்க சொல்ல வேண்டியது பாக்கி இருக்கே. நம்ம பெட்டி வழியாவே வச்சுக்கலாமே? நானும் நிஜமா ஒரு சோதனை பண்ணின மாதிரி இருக்கும்" என்றாள், பாலைக் குடிக்கிற பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அம்மாவுக்கும் அது பிடித்துப் போனது. சத்தக்காரரையும் தன் அறையில் உட்காரவைத்துக்கொண்டார். சின்னவள் பக்கத்து அறைக்குப் போய், மேஜையில் தன் போனைப் பதிவு பண்ண வைத்துவிட்டு, பெட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அம்மா ஆரம்பித்தார். சின்னவளின் உழைப்பு, ஆர்வம் எல்லாம் சரி. ஆனால் வாய் கொஞ்சம் நீளம். வயர்லெஸ் பிரிவில் புகார் வருகிறது. சின்னவள் ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு "ம்" என்றாள்.

"நான் சொல்றது புரியுதா?"

"ம்."

"நீ செஞ்சதெல்லாம் சரிங்கிறியா?"

"ம்ஹூம்."

"என்ன, பதிலையே காணோம்? வருத்தமாவது இருக்கா உனக்கு?"

"ம்ம்." இதைக் கொஞ்சம் உருக்கமாகவே சொன்னாள்.

"என்ன திமிரு பாருங்க சார்! நான் தொண்டை கிழியப் பேசுறேன், மகாராணி மாதிரி உக்காந்து என்னை வேடிக்கை பார்க்கிறா! இங்க வா நீ. இப்பவே வா!"

சின்னவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேலை போகாமல் இருந்தால் போதும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டாள். ஆனாலும் பதிவைத் தட்டிவிட்டாள். அம்மாவின் குரல், நடுநடுவே சமர்த்துப் பிள்ளையாக "ம்... ம்... ம்ஹூம்... ம்ம்..." என்று சின்னவளின் குரல். அந்த உருக்கமான "ம்ம்" வந்த இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சத்தக்காரர் சிரிக்கவில்லை. பதிவை வாங்கித் திரும்பக் கேட்டார், இன்னொரு தரம் கேட்டார். "அடப்பாவி" என்று தன்னையே சொல்லிக்கொண்டார்.

"அந்த 'ம்'மை விடணும்னா மேடம், மின்விசிறி, மெஷின் எல்லாத்தையும்தான் கொஞ்சம் விடணும். ரெண்டையும் பிரிக்க எனக்கு மாசக்கணக்கா ஆகும். மார்க் இறங்கிடும்" என்றார், பெற்ற பிள்ளையைக் கிணற்றில் தள்ளச் சொன்ன மாதிரி.

"இறங்கட்டும். மின்விசிறிச் சத்தம் கேட்டு இதுவரைக்கும் யாரும் விவாகரத்து வாங்கல" என்றார் மேலாளர் அம்மா.

முதல் மாற்றம் எந்தப் பெட்டிக்கு என்று கேட்கவே வேண்டாம். ஆனால் சத்தக்காரர் மனசு ஆறி வேலையை முடித்துக் கொடுக்க வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. சின்னவள் தையல் கடைக்குப் பறந்தாள். அத்தான் அதே மெஷின், அதே ஊசி, உம்மென்ற அதே முகம். பெட்டியைச் சரி பண்ணிவிட்டாள். ஆனால் அக்காவைக் கூப்பிட வைப்பது எப்படி? சமாதானம் பேசினால் வர மாட்டாள். சண்டைக்கு வருவாள். உடனே அக்காவுக்கு ஒரு செய்தி தட்டினாள்: "அக்கா, பெட்டியை இன்னிக்குக் கழட்டி எடுத்துட்டுப் போறேன். அத்தானைத் திட்ட வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தா இப்பவே திட்டிடு."

டீ ஆறுவதற்குள் சுவரில் அக்கா வந்து நின்றாள். நர்ஸ் உடுப்பு, இடுப்பில் கை.

"ஏங்க, நல்லாருக்கீங்களா? நல்லாத்தான் இருப்பீங்க. கேக்குறதுக்கும் ஆளில்ல, சொல்றதுக்கும் ஆளில்ல..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நின்றாள். "அதென்னடி சத்தம்? லாரி ஏதும் கடைக்குள்ள வந்துடுச்சா?"

"அத்தானோட மெஷின்தான்க்கா. நீ பேசு."

"பேசுறேன், எனக்கென்ன பயமா? ஒரு வருஷமா தனியாக் கிடக்கிறேன். ராத்திரி சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை உண்டா?"

"ம்ஹூம்" என்றார் அத்தான். தலை குனிந்தே இருந்தது.

அக்கா திரையை நெருங்கி வந்தாள். "என்ன... இப்ப என்ன சொன்னீங்க?"

அத்தான் நிமிர்ந்தார்.

"அப்ப... அன்னிக்கு நான் கேட்டப்பவும்..." அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்கயே இருக்கட்டுமான்னு கேட்டேனே. அதுக்கு என்ன சொன்னீங்க?"

"ம்ஹூம்" என்றார் அத்தான், அழுத்தம் திருத்தமாக.

அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். இடுப்பில் இருந்த கை கண்ணுக்குப் போனது. "பாவி மனுஷா! காலையிலதான் சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ரெண்டு வருஷம்! உங்களுக்கு நான் வேண்டாமாக்கும்னு ரோஷத்துல போட்டுட்டேனே! இனிமே மாத்த முடியாதே!"

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். சத்தக்காரர் அரை நாள் முந்திக் கொடுத்திருக்கக் கூடாதா? நாம் அந்த அஞ்சுக்கு அஞ்சைக் கொண்டாடாமல் இருந்திருக்கக் கூடாதா? எல்லாரையும் சிரிக்கவைத்து ஜெயித்தாயிற்று என்று வந்தவளுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. பெட்டியின் ஒயர் இல்லாத முதுகையே முறைத்தாள்.

மெஷின் நின்றது. அத்தான் உதட்டிலிருந்து ஊசிகளை எடுத்தார். திண்டில் குத்தவில்லை. மொத்தமாக மேஜையில் போட்டார். சில உருண்டு கீழே விழுந்தன. அவர் குனிந்து பொறுக்கவும் இல்லை. எழுந்து பெட்டிக்கு நேராக வந்து நின்றார்.

"உன்னால வர முடியாட்டி என்ன? நான் வர்றேன்" என்றார். "அந்த ஊர்லயும் ஆளுங்க சட்டை போட்டுத்தானே திரியிறாங்க? பள்ளிக்கூட ஆர்டரை முடிச்சுக் குடுத்துட்டு மெஷினைத் தூக்கிட்டு வந்துடுறேன். வரட்டுமா?"

இத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கே வியர்த்துவிட்டது.

திரையில் அக்காவின் வாய் இறுக மூடியிருந்தது. கண் மட்டும் நிரம்பி வழிந்தது. ஆஸ்பத்திரியையே அதட்டுகிற அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பெட்டி மறுபடி முழுங்கித் தொலைக்கிறதா என்று பதறி, சின்னவள் அதைத் தட்டப் போனாள். "சும்மா இரு" என்று அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடை மின்விசிறி கரகரத்தது. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டுக்கும் நடுவே மெல்லிசாக, ஆனால் நன்றாகவே கேட்டது.

"ம்."